பச்சை பூத்த பலகையும் ரெண்டு நிமிஷமும்

கிலுக், கிலுக், கிலுக்.

மதிலுக்கு அங்கால் ஆட்டோ ஒன்று நின்றது. யாரோ ஒரு சாமானை இறக்கினார்கள். இறக்க இறக்க அதற்குள் ஏதோ கிலுங்கியது. நான் பாயில் கிடந்தபடியே நோயைக் கண்டுபிடித்துவிட்டேன். பழைய கம்பியூட்டர் திருத்துகிற தொழிலில் கண்ணை விடக் காதுக்குத்தான் முதல் வேலை. பெட்டிக்குள் இப்படிக் கிலுங்கினால் அது கழன்ற ஆணி அல்ல, கால் அரித்து விழுந்த பெட்டரி. விழுவதற்கு முதல் எவ்வளவு தின்றது என்பதுதான் மிச்சக் கேள்வி.

நான் இரவில் ஐஸ் ஃபெக்டரியில் மோட்டார் பார்க்கிறவன். பகலில் தூக்கம் வராத குறைக்கு இந்த வேலை. யாரிடமும் படிக்கவில்லை, பழுதாக்கிப் பழுதாக்கிப் பழகியது. பழைய பெட்டி ஒன்றைத் திறந்து, பெட்டரி கக்கிய பச்சையைக் கண்டு, பெருமூச்சு விட்டு மூடிவைத்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நீங்களும் நானும் ஒரே ஆஸ்பத்திரி வாட்டில் கிடக்கிற நோயாளிகள்.

ஏழு சுற்றுப் பொலித்தீன்

ஆட்டோவில் வந்தவர் டீச்சர். எனக்கு ஒன்பதாம் ஆண்டில் கணக்குப் படிப்பித்தவர். படிப்பித்தார் என்பது உண்மை, படித்தேன் என்பது பொய். பென்சன் எடுத்து நாலைந்து வருஷமாகிறது. பெட்டியை அவரே ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு வந்தார், ஆட்டோக்காரனை நம்பவில்லை.

பெட்டியைச் சுற்றிப் பொலித்தீன், அதற்கு மேல் டேப், அதற்கு மேல் இன்னொரு பொலித்தீன். வெங்காயம் உரிக்கிற மாதிரி உரித்தேன். ஏழு சுற்று. கட்டி அலுமாரிக்கு மேல் வைத்து முப்பது வருஷத்துக்குக் கிட்ட இருக்குமாம். கடைசிச் சுற்றை வெட்டியதும் ஒரு மணம் வந்தது. மீன் மணம் மாதிரி, ஆனால் மீன் அல்ல. உப்புக் காற்று ஒரு துளிகூட உள்ளே போகவில்லை. பெட்டரி கக்கியதும் ஒரு துளிகூட வெளியே வரவில்லை. அவ்வளவும் அந்தப் பைக்குள்ளேயே நின்று பெட்டிக்குள் இருக்கிற சேர்க்கிட் பலகையை ஆற அமரத் தின்றிருக்கிறது. பைக்குள் கிடந்த ஈரத்தைத் தொட்டுக் காட்டினேன். டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடக்காத்துக்குப் பயந்துதான் மகன், நான் இப்பிடிக் கட்டின. கள்ளன உள்ளுக்க வெச்சிக் கதவப் பூட்டியிரிக்கன் போல."

பெருநாள் வினாகிரி

இந்தப் பச்சையிடம் நான் பட்ட முதல் அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். கடற்கரையில் பிறந்தவனுக்குத் துரு என்றால் ஒரே குற்றவாளி, உப்புக் காற்று. ஜன்னல் கம்பி, சைக்கிள், மீன் வெட்டுகிற கத்தி, எதைக் கேட்டாலும் உப்புக் காற்று. ஆகவே என்னிடம் வந்த முதல் பெட்டியை, உப்புப் போகட்டும் என்று சவர்க்காரத் தண்ணீரில் கழுவினேன். அது உப்பே அல்ல, பெட்டரிக்குள் இருந்த காரம். அதற்குச் சவர்க்காரம் போடுவது பசித்தவனுக்குச் சோறு போடுகிற மாதிரி. இன்னும் நன்றாகத் தின்றது. புளிப்புத்தான் அதை அடக்கும் என்று தெரிய இரண்டு பெட்டிகள் மௌத்தாகிக் குப்பைக்குப் போக வேண்டியிருந்தது.

டீச்சரின் பலகையில் மூலை முழுக்கப் பச்சை, ஓரங்களில் நீலம், பூஞ்சணம் பிடித்த தேசிக்காய் மாதிரி. பெருநாள் அச்சாற்றுக்கென்று என் மனுசி வாங்கி வைத்த வினாகிரிப் போத்தல் அரைவாசியானது. பல் விளக்குகிற பிரஷ் ஒன்றும் காணாமல் போனது. அது என்னுடைய பிரஷ் என்றுதான் இன்றைக்கும் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தொட்டுத் தொட்டுத் தேய்க்க, வினாகிரி நுரைத்து, பச்சை கரைந்து, அதன் அடியில் செப்புக் கோடு இருக்க வேண்டிய இடங்களில் ஒன்றுமே இல்லாமல் இருந்தது. மனுசி குசினி வாசலில் வந்து நின்றாள். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான் சொந்தம், ஆகவே அந்த வாசலில் நின்று கதைக்கிறவளுக்குக் குரல் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்.

"இது என்ட உம்மா எனக்குத் தந்த ஊடு. அவ இப்ப வந்து மணந்து பாத்தா, எது அச்சாறு எது கம்பியூட்டர் எண்டு அவக்கும் தெரியாது."

கம்பியூட்டர் டைம்

டீச்சர் அந்த வியாழக்கிழமையே திரும்ப வந்தார். மனுசி வைத்த தேத்தண்ணியைத் தள்ளிவைத்தார். நோன்பாம். எப்போது ஓடும் என்று கேட்டார். ஓடி என்ன செய்ய, இதை விடக் கையிலுள்ள போனுக்கு மூளை கூட என்றேன். அவர் பெட்டியைக் காட்டி, "எனக்கு இதுக்குள்ள ஒரே ஒரு வரி பாக்கணும் மகன்" என்றார். பிறகுதான் விஷயம் வந்தது.

அந்தக் காலத்தில் ஒரு வருஷம் எங்கள் பள்ளிவாசலுக்கு நோன்பு மாத நேர அட்டவணை செய்து கொடுத்தவர் டீச்சர்தான். விடிகிற நேரத்தையும் சூரியன் மறைகிற நேரத்தையும் கணக்குப் பார்க்கிற புரோகிராம் ஒன்றை இந்தப் பெட்டியில் அவரே எழுதியிருக்கிறார். பேணுதலுக்காக, விடிய முதல் சாப்பிடுகிற சஹர் முடிகிற நேரத்தில் ரெண்டு நிமிஷம் கழிக்க வேண்டும், நோன்பு துறக்கிற நேரத்தில் ரெண்டு நிமிஷம் கூட்ட வேண்டும். கூட்ட வேண்டிய இடத்திலும் தான் கழித்துவிட்டேனோ என்பது டீச்சருடைய சந்தேகம். கழித்திருந்தால், அந்த மாதம் முழுக்க எங்கள் பள்ளிவாசலைச் சேர்ந்த சனம் சூரியன் மறைய முதல் நோன்பு துறந்திருக்கிறது. அத்தனை பேருடைய நோன்பும் திரும்பப் பிடிக்க வேண்டிய நோன்பு. அட்டவணைத் தாள் ஒன்றாவது கிடைத்தால் பார்த்துவிடலாம். ஆனால் பெருநாளோடு கிழித்து எறிகிற தாளை யார் வைத்திருப்பார்? டீச்சர் அடுத்த மாதம் ஹஜ்ஜுக்குப் போகிறார். போக முதல் வீடு வீடாகப் போய், தெரிந்தும் தெரியாமலும் செய்ததற்கெல்லாம் மன்னிப்பும் பொருத்தமும் கேட்பது எங்கள் வழமை. எதற்குப் பொருத்தம் கேட்பது என்று தெரியாமல் எப்படிப் போவது என்றார்.

எனக்கு அந்தத் தாள் ஞாபகம் வந்தது. மஞ்சள் தாள். எங்கள் குசினிக் கதவில் சோற்றுப் பசை போட்டு உம்மா ஒட்டியிருந்தா. அந்த வருஷம் பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு கேட்க முதல் எங்கள் பள்ளிவாசலில் கேட்டுவிடும். அது எங்களுக்குப் பெருமை. அந்தப் பக்கத்துப் பொடியன்கள் சிலர் நோன்பு துறக்க எங்கள் பக்கம் வந்துவிடுவார்கள். பாங்கு சொல்கிற மோதினார் மைக்கை நிறுத்திவிட்டு வெளியே வந்து, கஞ்சிக் கோப்பையோடு நிற்கிற எங்களைப் பார்த்துச் சொல்வார்:

"மத்தப் பள்ளியெல்லாம் மணிக்கூட்டப் பாக்குது. நம்மட பள்ளி கம்பியூட்டரப் பாக்குது!"

மாவடிப்பள்ளி ரோட்டில்

சந்தேகம் எங்கே தொடங்கியது என்பதையும் டீச்சர் சொன்னார். அந்த நோன்பின் கடைசிப் பத்து நாட்களில் ஒரு நாள், அம்பாறையில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு பஸ்ஸில் வந்திருக்கிறார். மாவடிப்பள்ளி தாண்டி, இரண்டு பக்கமும் வயலாக இருக்கிற இடத்தில் பஸ் டயர் காற்றுப் போய் நின்றது. நெல் வேளாண்மை முழங்கால் உயரம். பஸ்ஸில் முக்கால்வாசி நோன்பாளிகள். ஆளுக்கு ஆள் "நேரம் என்ன, நேரம் என்ன" என்று கேட்க, டீச்சர் ரேடியோவுக்குச் சரிபார்த்த கைக்கடிகாரத்தையும் தன்னுடைய அட்டவணையையும் பார்த்து, "இப்ப தொறங்க" என்றிருக்கிறார். கணக்கு டீச்சர் சொன்னால் அதற்கு மேல் யார்? பேரீச்சம்பழப் பை சீட்டுக்குச் சீட்டுப் போனது. தண்ணீர்ப் போத்தல் போனது.

பழத்தை வாயில் போட்டுக்கொண்டு டீச்சர் பின் ஜன்னலால் பார்த்தார். வயலுக்கு அந்தப் பக்கம், வரம்புக்கு மேல், நகத்தளவு சிவப்பாகச் சூரியன் நின்றது. கண்ணை மூடித் திறந்தார், நின்றது. கடிகாரம் பிழையாக இருக்கலாம், வெளிச்சம் வளைந்து தெரியலாம் என்று அந்த நிமிஷத்திலேயே தனக்குள் பத்துக் காரணம் சொல்லிக்கொண்டார். மற்றவர்கள் யாரும் திரும்பவில்லை, எல்லாருக்கும் பசி. திரும்பிப் பார்த்தது இன்னொரு ஆள் மட்டும்தான். டயர் மாற்ற இறங்கிய கொண்டக்டர், காரைதீவுத் தமிழர். அவர் ஜன்னலுக்குக் கீழ் நின்று சிரித்துக்கொண்டு கேட்டாராம்:

"என்ன டீச்சர், சூரியன் இன்னும் நிக்குது. உங்கட ஆக்கள் கொஞ்சம் அவசரப்பட்டிட்டீங்களோ?"

செத்ததுகளின் வைத்தியர்

ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறு பெட்டியில் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் முதலில் செய்தேன். இந்தக் காலத்து வயரைக் கொடுத்தால் அது வாயே திறக்கவில்லை. அந்த வயது டிஸ்க்குகள் சிலது தன்னுடைய பலகையோடு மட்டும்தான் கதைக்கும். ஆகவே பலகையைத்தான் எழுப்ப வேண்டும். எண்ணிப் பார்த்தேன், பத்தொன்பது கோடுகள் அரித்துப் போயிருந்தன. பழைய மின்விசிறியின் சுருளிலிருந்து தலைமயிர் மாதிரிக் கம்பி உரித்து, கண்ணாடிக்கு மேல் கண்ணாடி போட்டு, ஒவ்வொரு கோடாக ஒட்டினேன். ஒன்று ஒட்டினால் பக்கத்திலுள்ளது கழன்று வரும். உங்களுக்குத் தெரியும்தானே, அந்த நேரத்தில் வாயில் வருகிற வார்த்தைகளையெல்லாம் எழுத ஏலாது.

ஒட்டுகிற நேரமெல்லாம் எனக்கு உம்மாவின் நினைவு. அந்தப் பெருநாள் கழிந்து நாலாம் மாதம் உம்மா மௌத்தாகிப் போனா. காய்ச்சலோடும் ஒரு நோன்பைக்கூட விடவில்லை, மஞ்சள் தாளைப் பார்த்துப் பார்த்துத்தான் துறந்தா. உம்மாவின் கடைசி நோன்பு மாதம் அது. டீச்சர் கேட்கிற அந்த ஒரு வரி எனக்கும் தேவைப்படத் தொடங்கியது. பலகையைத் துணியில் சுற்றி வேலைக்கும் கொண்டுபோனேன். விடிய லொறிக்கு ஐஸ் ஏற்றிவிட்டு வந்த சிவா, என்னோடு பன்னிரண்டு வருஷமாக வேலை செய்கிறவன், அதைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"நீ கொண்டு வாறதெல்லாம் செத்ததுகள்தான். உசிரோட உள்ள ஒண்டையும் ஒரு நாளைக்குக் கொண்டு வாடாப்பா, பாப்பம்."

குறுக்குக் கோடு

பதினொரு நாள் எடுத்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகு சுவிட்சைப் போட்டேன். பெட்டி ஒரு தரம் கீச்சிட்டது, டிஸ்க் அம்மியில் அரைக்கிற மாதிரி உறுமியது, திரையில் வெள்ளை எழுத்து வந்தது. திகதி கேட்டது. பெட்டரி இல்லாத இந்த வயதுப் பெட்டிக்கு ஞாபகத்தில் இருப்பது ஒரே நாள்தான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது ஜனவரி முதலாம் திகதி. புதுப் பெட்டரி கடைசியில் வைப்போம் என்று, வழமைபோல் என்டரைத் தட்டிவிட்டுப் போனேன். அதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

புரோகிராமைத் திறந்து வரி வரியாகக் கீழே போனேன். சஹர் வரியில் ரெண்டுக்கு முன்னால் ஒரு சின்னக் கோடு. கழித்தல். சரி. அதற்குக் கீழே மஃரிப் வரி, நோன்பு துறக்கிற நேரம். மேலே உள்ளதை அப்படியே பிரதி எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். ரெண்டுக்கு முன்னால் அதே சின்னக் கோடு. குறுக்கே இருக்க வேண்டிய மற்றக் கோடு இல்லை.

எழும்பிப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். கோடு அப்படியே இருந்தது. வெளியே மனுசி உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். அறுபது தாண்டிய டீச்சர், இந்தக் கோட்டுக்காக முழு ஊரிடமும் போய்ப் பொருத்தம் கேட்க வேண்டும். கேட்க வேண்டிய ஆட்களில் அரைவாசி இப்போது மையவாடி மண்ணுக்குள். யாருக்கு என்ன பிரயோசனம்? ஒரு விசை. கழித்தலை அழித்தேன், கூட்டலைப் போட்டேன், சேவ் பண்ணினேன். பத்தொன்பது கோடு ஒட்டிய எனக்கு இருபதாவது கோடு பாரமாகத் தெரியவில்லை. டீச்சருக்குப் போன் எடுத்தேன். "கூட்டல்தான் டீச்சர். நீங்க வீணாப் பயந்திரிக்கீங்க" என்றேன். டீச்சர் மெல்லச் சொன்னார்:

"அல்ஹம்துலில்லாஹ். நான் வந்து என்ட கண்ணாலயும் ஒருக்காப் பாக்கன். ஒண்டையும் தொடாம வைங்க மகன்."

எண்பதாம் வருஷம்

வந்தார். பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்ததும் விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. நான் புரோகிராமைத் திறந்து காட்டப் போனேன், கையால் மறித்தார். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்டார். வகுப்பில் கொப்பி திருத்துகிற மாதிரி மேலிருந்து கீழே வாசித்தார். வினாத்தாள்கள், மார்க் பட்டியல், அட்டவணை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கடைசியாகக் கைவைத்த திகதி. எல்லாம் அந்தக் காலத்துத் திகதிகள். ஒன்றைத் தவிர. நான் சேவ் பண்ணிய புரோகிராமுக்குப் பக்கத்தில், பெட்டி நினைத்துக்கொண்டிருந்த எண்பது ஜனவரி.

"எண்பதில நான் ஏ.எல். படிச்சிக்கிட்டிருந்த" என்றார் டீச்சர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அப்ப கம்பியூட்டரக் கண்ணாலயும் காணல்ல. இது எப்பிடி மகன் எண்பதில எழுதின?"

நான் பெட்டரியைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன். ஒன்பதாம் ஆண்டில் வீட்டுக் கணக்குச் செய்யாமல் வந்தபோது சொன்ன அதே குரல் வந்தது. அவரும் அதே மாதிரித்தான் பார்த்தார். ஏசவில்லை. "சரியா இரிந்தா நீங்க ஏன் தொட்ட?" என்று மட்டும் கேட்டார். பிறகு அவரே சொன்னார்: "திங்களும் வியாழனும் இவ்வளவு காலமும் நோன்பு புடிச்சன் மகன். மத்தாக்கள்ற நோன்ப நான் புடிக்க ஏலா எண்டு தெரியும். வேற என்ன செய்ய எண்டு தெரியல்ல. மௌலவிட்டக் கேக்கவும் வெக்கம். மொனிட்டர் எரிஞ்ச உடன, திருத்தாம இத மூடிக் கட்டினதும் நான்தான். பாக்கப் பயம். கடக்காத்து எண்டு சொன்னது உங்களுக்கு மட்டுமில்ல, எனக்கும்தான்."

அந்த இடத்திலேயே உட்கார்ந்து, கூட்டலை அழித்து, திரும்பவும் கழித்தலைப் போட்டார். செய்தது செய்தபடி இருக்கட்டுமாம். எழும்பும்போது, நீங்களும் அந்தப் பள்ளிதானே என்று கேட்டார். "ஓம் டீச்சர்" என்றேன். "உம்மாவும். அதுதான் அவட கடைசி நோன்பு." நான் மேலே பேச முதல், டீச்சர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னிடம் கேட்டார், ஊரில் முதல் ஆளாக:

"என்னப் பொருந்திக்கங்க மகன். உங்கட உம்மாக்கும் சேத்துப் பொருந்திக்கங்க."

மஞ்சள் தாள்

பொருந்திக்கொண்டேன். நான் செய்ததற்கு அவரும் பொருந்திக்கொண்டார். இப்போது டீச்சர் ஒரு குடையோடு வீடு வீடாகப் போகிறார். சில வீட்டில் அழுகிறார்களாம், சில வீட்டில் சிரிக்கிறார்களாம், ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்களாம். வெளியூர் போனவர்களை எப்படிப் பிடிப்பது என்றபோது, நான் இப்படி ஏதாவது எழுதுகிறவன் என்று மனுசி போட்டுக் கொடுத்துவிட்டாள். பேர் போட வேண்டுமா என்று கேட்டேன். போடச் சொன்னார். நான் போடவில்லை. அந்த மஞ்சள் தாளைப் பார்த்து நோன்பு துறந்தவர்களுக்கு, டீச்சர் என்றால் யாரென்று தெரியும். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் கடைசியாகச் சொன்னது:

"எழுதுங்க. அந்தப் பஸ்ஸில இரிந்தாக்கள் ஆராவது வாசிச்சா, அவங்களுக்கும் நான் சலாம் சொன்ன எண்டு எழுதுங்க."

எழுதிவிட்டேன். பழைய பெட்டியைத் திருத்துவதென்றால், அதற்குள் கிடக்கிற பழைய பிழை மறுபடியும் ஒழுங்காக ஓட வழி செய்து கொடுப்பது, அவ்வளவுதான் இந்தத் தொழில்.

இன்றைக்கு வியாழக்கிழமை. உம்மாவுக்காக நானும் நோன்பு. மனுசி ஏன் என்று கேட்கவில்லை, புது வினாகிரிப் போத்தல் ஒன்றை மட்டும் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பாலமுனையிலிருந்து வந்த பெட்டி ஒன்று காத்திருக்கிறது, அதிலும் மூலையில் பச்சை. பிரஷை எடுத்து, வினாகிரியில் தோய்த்து, ஓரத்திலிருந்து தேய்க்கத் தொடங்கினேன்.